பேராசிரியர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி: சான்றிதழ் வாங்கின பிறகு என்ன நடக்கிறது?

கல்லூரிப் பேராசிரியர்களுக்குக் கொடுக்கப்படும் தொழில்நுட்பப் பயிற்சிகளைப் பற்றி ஏழெட்டு மாதமாகப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். கல்வியியல் என் துறை கிடையாது. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக மென்பொருள் வேலை. ஆனால் விருந்தினர் உரைக்காகப் பொறியியல் கல்லூரிகளுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. வாசலில் எஃப்டிபி பேனர் தொங்குகிறது. வகுப்பில் புரொஜெக்டர் இருக்கிறது, வைஃபை இருக்கிறது, பிள்ளைகள் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஆசிரியர்களிடம் பயிற்சிச் சான்றிதழ்கள் ஒரு ஃபைல் நிறைய இருக்கின்றன. வகுப்பு மட்டும் 2000-ல் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எப்படி நடந்ததோ அப்படியே நடக்கிறது. அப்போது கரும்பலகையைப் பார்த்து எழுதினோம். இப்போது பிபிடியைப் பார்த்து எழுதுகிறார்கள், அல்லது போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏன் இப்படி? "வாத்தியார்களுக்கு அக்கறை இல்லைங்க" என்பது டீக்கடையில் கிடைக்கும் பதில். படித்துப் பார்த்ததில் அது சரியான பதில் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

எனக்கு முதல் பிடி கிடைத்தது 2011-ல் வந்த ஒரு ஆய்வில். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டயான் ஈபர்ட்-மே தலைமையில் செய்தது. உயிரியல் கற்பிக்கும் பேராசிரியர்களுக்காக அங்கே இரண்டு பெரிய பயிற்சித் திட்டங்கள் நடந்தன. ஒரு மணி நேரம் நின்று பேசிவிட்டுப் போகாமல், மாணவர்களை யோசிக்க வைத்து, தங்களுக்குள் பேச வைத்து, விடை சொல்ல வைத்து வகுப்பை நடத்துவது எப்படி என்பதுதான் பயிற்சி. முடித்தவர்களிடம் 'உங்கள் வகுப்பில் இதையெல்லாம் கொண்டுவந்தீர்களா?' என்று கேட்டார்கள். 89 சதவீதம் பேர் கொண்டுவந்தோம் என்றார்கள். வழக்கமாக ஒரு பயிற்சித் திட்டத்தின் அறிக்கை இந்த இடத்தில் முடிந்துவிடும். இவர்கள் நிறுத்தவில்லை. வகுப்பை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அந்த வீடியோக்களை மதிப்பீட்டாளர்கள் பொதுவான ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். பார்த்தால், 75 சதவீதம் பேரின் வகுப்பில் பழையபடி ஆசிரியரே பேசிக்கொண்டிருந்தார்.

பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. பதினைந்து வருஷமாக ஒரே மாதிரி வகுப்பு எடுத்த ஒருவர், நடுவில் இரண்டு கேள்வி சேர்த்தாலே அவருக்கு அது பெரிய மாற்றமாகத் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் இது தினசரி அனுபவம். புதிதாக ஒரு வசதியைச் சேர்த்துவிட்டுப் பயனரிடம் கேட்டால் "ஆமாங்க, நல்லா இருக்கு, யூஸ் பண்றோம்" என்பார்கள். சர்வர் லாகைத் திறந்தால் அந்தப் பக்கத்தை மூணு பேர்தான் தொட்டிருப்பார்கள். அதனால் கருத்துப் படிவத்தை நம்பி நாங்கள் முடிவெடுப்பதில்லை. கல்லூரிப் பயிற்சிகளில் பெரும்பாலும் இருப்பது அந்தப் படிவம் ஒன்றுதான், அதுவும் கடைசி நாள் மதியம், சான்றிதழ் கொடுப்பதற்கு முன்னால் நிரப்பி வாங்குவது.

ஈபர்ட்-மே ஆய்வு கற்பிக்கும் முறை பற்றியது, தொழில்நுட்பம் பற்றியது இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயம்தான். அதற்குப் பதில் சொல்ல ஒரு உதாரணத்துக்குள் போக வேண்டியிருக்கிறது.

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு வகுப்பு. பாடம் பைனரி தேடல். அகர வரிசையில் இருக்கும் ஒரு பட்டியலில் ஒரு பெயரைத் தேட, நடுவில் இருக்கும் பெயரைப் பார்க்கிறோம். நாம் தேடுவது அதற்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்று பார்த்து, பாதிப் பட்டியலைத் தூக்கிப் போடுகிறோம். மீதியில் மறுபடி அதே வேலை. 1000 பெயர் இருந்தால் அதிகபட்சம் 10 முறை பார்த்தால் போதும். ஆசிரியர் இதை விளக்கி, சூத்திரத்தை எழுதி, 'புரிஞ்சுதா?' என்று கேட்பார். 'புரிஞ்சுது சார்' என்று முன் பெஞ்ச் சொல்லும். அடுத்த ஸ்லைடு.

இப்போது அதே இடத்தில் இப்படி ஒரு கேள்வி போடுவோம். பட்டியல் 1000-லிருந்து 2000 ஆகிறது. அதிகபட்சம் எத்தனை முறை பார்க்க வேண்டும்? அ) 20. ஆ) 11. இ) 10-தான், மாறாது. ஈ) 1010. விடை ஆ. பட்டியல் இரட்டிப்பானால் ஒரே ஒரு முறைதான் கூடும், ஏன்னா அந்த ஒரு முறையிலேயே கூடுதல் பாதி கழிந்துவிடும். நானே சில வகுப்புகளில் இதைக் கேட்டிருக்கிறேன். சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய பிள்ளைகள் 20 என்று கை தூக்குவார்கள். பட்டியல் இரண்டு மடங்கு, அதனால் வேலையும் இரண்டு மடங்கு என்று மனசு சொல்கிறது. சூத்திரம் நோட்டில் இருக்கிறது, மனசுக்குள் இறங்கவில்லை. இது செமஸ்டர் தேர்வில் தெரியவராது. வேலைக்குச் சேர்ந்த பிறகு, பத்து லட்சம் வரிசைகள் உள்ள ஒரு டேட்டாபேஸில் தேடல் ஏன் நத்தையாய் நகர்கிறது என்று முழிக்கும்போதுதான் தெரியவரும்.

இந்தக் கேள்வியை வைத்து வகுப்பு நடத்தும் முறை ஒன்று உண்டு. ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1991-ல் தொடங்கியது. தான் நல்ல ஆசிரியர் என்று நம்பிக்கொண்டிருந்தவர், மாணவர்களும் அப்படித்தான் மதிப்பெண் போட்டார்கள். ஒரு நாள் நியூட்டன் விதிகளில் கணக்கே இல்லாத, யோசித்தால் போதும் என்கிற எளிய கேள்விகளைக் கொடுத்தபோது, ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். அதிலிருந்து அவர் முறையை மாற்றினார். கேள்வியைப் போடு. யாரும் யாரோடும் பேசாமல் ஆளாளுக்கு ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கட்டும். எண்ணிப் பார். 30-லிருந்து 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால், பக்கத்தில் வேறு விடை சொன்னவரோடு இரண்டு நிமிஷம் வாதாடச் சொல். மறுபடி வாக்கெடு. அதற்குப் பிறகுதான் ஆசிரியர் விளக்கம். சரியானவர்கள் 30-க்குக் கீழே என்றால் வாதாட ஆளில்லை, பாடத்தையே திரும்ப நடத்த வேண்டும். 70-க்கு மேலே என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம்.

இதில் தொழில்நுட்பம் எங்கே வருகிறது? எண்ணிப் பார்க்கிற இடத்தில். மசூர் ஆரம்பத்தில் கை தூக்கச் சொல்லித்தான் எண்ணினார். பிறகு கிளிக்கர் என்ற சின்ன ரிமோட் மாதிரிக் கருவிகள் வந்தன. இப்போது போனிலேயே கூகுள் ஃபார்மிலோ மென்டிமீட்டரிலோ வாங்கிவிடலாம். கனடாவில் நதானியேல் லாஸ்ரி என்ற ஆசிரியர் ஒரு நல்ல காரியம் செய்தார். இதே முறையை ஒரு வகுப்பில் கிளிக்கரை வைத்தும் இன்னொரு வகுப்பில் எழுத்து அச்சிட்ட அட்டைகளை வைத்தும் நடத்தி, மாணவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்று ஒப்பிட்டு 2008-ல் எழுதினார். குறிப்பிடும்படி வித்தியாசம் ஒன்றும் இல்லை.

ஒரு மென்பொருள்காரனாக எனக்கு இது கொஞ்சம் சங்கடமான முடிவு. ஆனால் உறுதியானது. ரிச்சர்ட் கிளார்க் என்ற கல்வியியலாளர் 1983-லேயே இதைத்தான் சொன்னார்: மளிகைச் சாமான் கொண்டுவரும் லாரியால் நம் உடம்பில் சத்து கூடாது, சாமானால்தான் கூடும், பாடத்தைக் கொண்டுவரும் ஊடகமும் அந்த லாரி மாதிரிதான் என்று. அவர் சொன்னதை முழுசாக நான் ஏற்கவில்லை. 120 பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில், தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து வாயைத் திறக்கவே கூச்சப்படும் ஒரு பையன், பெயர் தெரியாமல் போனில் ஒரு விடையைத் தட்டலாம். கை தூக்கச் சொன்னால் அவன் பக்கத்து ஆள் எதற்குத் தூக்குகிறான் என்று பார்த்துத்தான் தூக்குவான். லாரி இல்லாவிட்டால் சில ஊர்களுக்குச் சாமானே போய்ச் சேராது என்பதும் உண்மைதானே. இருந்தாலும் வரிசை முக்கியம். முதலில் அந்தக் கேள்வி வேண்டும். 20 என்ற தவறான விடையை அந்த இடத்தில் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தெரிதலுக்கு ஒரு பெயர் இருக்கிறது. 1986-ல் லீ ஷுல்மன் என்பவர் சொன்னார்: பாடம் தெரிந்திருப்பது ஒரு அறிவு, பொதுவாகக் கற்பிக்கத் தெரிந்திருப்பது இன்னொரு அறிவு. இந்த இரண்டையும் தாண்டி, குறிப்பிட்ட ஒரு பாடத்தில் மாணவர்கள் எங்கே வழுக்கி விழுவார்கள், அதை எந்த உதாரணம் கொண்டு பிடித்து நிறுத்தலாம் என்று தெரிந்திருப்பது மூன்றாவது அறிவு. 2006-ல் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் இதில் தொழில்நுட்பத்தைச் சேர்த்தார்கள். டிபேக் என்று அதைச் சொல்வார்கள். (மிஸ்ரா பிலானி பிட்ஸில் பொறியியல் படித்தவர். அதனாலோ என்னவோ எனக்கு அவர் மேல் தனிப் பிரியம்.) அவர்கள் சொன்னது சுருக்கமாக இதுதான்: தொழில்நுட்பத்தைப் பாடத்திலிருந்தும் கற்பிக்கும் முறையிலிருந்தும் பிரித்துத் தனியாகச் சொல்லிக்கொடுத்தால், அந்த மூன்றும் ஒன்றுசேரும் இடம் ஆசிரியருக்குக் கிடைக்காது.

நம்ம ஊர்ப் பயிற்சிகளின் நிகழ்ச்சி நிரலை இப்போது எடுத்துப் பாருங்கள். முதல் நாள் கூகுள் கிளாஸ்ரூம். இரண்டாம் நாள் மூடில். மூன்றாம் நாள் வீடியோ எடிட்டிங். நான்காம் நாள் கஹூட், மென்டிமீட்டர், இன்ன பிற. ஐந்தாம் நாள் நிறைவு விழா. இப்போது புதிதாக ஏஐ கருவிகளுக்கு ஒன்றரை நாள். அரங்கில் மெக்கானிக்கல் ஆசிரியரும் ஆங்கிலத் துறை ஆசிரியரும் கணக்கு ஆசிரியரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அதே பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருப்பார்கள். பைனரி தேடலில் 20 என்ற விடையை எப்படி வைப்பது என்ற பேச்சு அங்கே வர வழியே இல்லை, ஏனென்றால் பாடம் என்ற ஒன்று அந்த அரங்கிலேயே இல்லை.

பொத்தான்களுக்கு ஆயுசும் குறைவு. எட்மோடோ பழக எத்தனை பயிலரங்குகள் நடந்திருக்கும்! 2022 செப்டம்பரில் அதை மூடிவிட்டார்கள். கொரோனா காலத்தில் ஜாம்போர்டைப் பழகாத ஆசிரியர் குறைவு. 2024 கடைசியோடு கூகுள் அதையும் நிறுத்திவிட்டது. கேள்வி அமைக்கக் கற்றுக்கொண்டவருக்கு இதனால் நஷ்டமில்லை. அவர் வேறு கருவிக்கோ அட்டைக்கோ மாறிக்கொள்வார்.

இது சோம்பேறித்தனத்தால் வந்த அமைப்பு என்று சொல்லிவிட முடியாது. இந்தியா இதில் பல வருஷமாக உழைத்திருக்கிறது. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு யூஜிசி பல்கலைக்கழகங்களில் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களைத் தொடங்கியது. பின்னால் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆகி, 2023-ல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் ஆகியிருக்கின்றன. 2009-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ், ஐஐடி பாம்பேயில் தீபக் ஃபாடக் பத்தாயிரம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்ற இலக்கையே திட்டத்தின் பெயராக வைத்து ஒன்று நடத்தினார். அமிர்தா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏ-வியூ மென்பொருள் வழியாக மும்பையிலிருந்து நேரடி வகுப்பு போகும். நாடு முழுக்க நூற்றுக்கணக்கான கல்லூரிகள் தொலைமையங்களாக அதைப் பெற்றுக்கொள்ளும். அந்த மையங்களின் ஒருங்கிணைப்பாளர்களை முதலில் மும்பைக்கு வரவழைத்துப் பழக்கிவிட்டார்கள். ஆய்வகப் பயிற்சியை அவர்கள் அந்தந்த ஊரிலேயே பார்த்துக்கொண்டார்கள். ஒரு பொறியாளனாகப் பார்த்தால் அழகான வடிவமைப்பு. எல்லாவற்றையும் மையத்தில் குவிக்காமல் பாதி வேலையை முனைகளுக்குத் தள்ளியிருக்கிறார்கள். 2018-ல் அர்பிட் என்ற திட்டம் வந்தது. 75 தேசிய மையங்கள் துறைவாரியாகப் பாடம் தயாரித்து ஸ்வயம் தளத்தில் போட்டன. 20 மணி நேரம் வீடியோ, 20 மணி நேரம் மற்றவை, கடைசியில் தேர்வு. தேறினால் ஒரு ரெஃப்ரெஷர் கோர்ஸுக்குச் சமம்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கல் இருக்கிறது. ரெஃப்ரெஷர் கோர்ஸ் எதற்கு? பதவி உயர்வுக்கு. யூஜிசி விதிகளின்படி உதவிப் பேராசிரியர் அடுத்த படிக்குப் போக இன்னின்ன பயிற்சிகள் முடித்திருக்க வேண்டும். பயிற்சி முடித்ததற்கு அத்தாட்சி சான்றிதழ். வகுப்பு மாறியதற்கு அத்தாட்சி என்று எதையும் யாரும் கேட்பதில்லை. எதை எண்ணுகிறோமோ அது பெருகும் என்பது எங்கள் தொழிலில் பழைய பாடம். எழுதிய வரிகளை எண்ணிச் சம்பளம் கொடுத்தால் வரிகள் பெருகும், மென்பொருள் நன்றாகாது. 2020 ஊரடங்கில் இது கேலிக்கூத்தானதே, ஞாபகம் இருக்கிறதா? தினமும் வாட்ஸப்பில் வெபினார் லிங்க் வரும். ஒன்றரை மணி நேரம் உரை, அஞ்சு கேள்வி க்விஸ், மெயிலில் இ-சான்றிதழ். உரையைக் கேட்காமல் நேராக க்விஸுக்குப் போனவர்களை எனக்கே தெரியும். அவர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அவர்களிடம் கேட்கப்பட்டதை அவர்கள் கொடுத்தார்கள்.

போன வருஷம் ஒரு கல்லூரியில் மூடில் சர்வர் மெதுவாக இருக்கிறதென்று பார்க்கக் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். அவர்களுடைய ஆசிரியர்கள் எல்லாரும் மூடில் பயிற்சி முடித்தவர்கள், எல்லாப் பாடத்துக்கும் பக்கம் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார்கள். உண்மைதான், இருந்தது. சர்வர் வேலை முடிந்த பிறகு, ஆர்வத்தில் ஒரு சின்ன வினவல் ஓட்டிப் பார்த்தேன். மூடிலில் ஒரு பாடப் பக்கத்தில் இரண்டு வகைப் பொருள்களை வைக்கலாம். ஒன்று, மாணவர் எடுத்துப் படிக்கும் வகை: கோப்பு, இணைப்பு, பக்கம். இன்னொன்று, மாணவர் எதையாவது செய்யும் வகை: க்விஸ், விவாத மேடை, ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தும் ஒர்க்‌ஷாப். அந்தக் கல்லூரியின் பெரும்பாலான பக்கங்களில் முதல் வகை மட்டும்தான் இருந்தது. அஞ்சு யூனிட்டுக்கு அஞ்சு பிடிஎஃப், அதோடு பழைய வினாத்தாள்கள். பலருடைய உழைப்பில் உருவான ஒரு கற்றல் மென்பொருள் அங்கே ஜெராக்ஸ் கடையாக ஓடிக்கொண்டிருந்தது. சர்வர் மெதுவானதற்குக் காரணமும் அதுதான், தேர்வுக்கு முந்தின ராத்திரி எல்லாரும் ஒரே நேரத்தில் டவுன்லோடு பண்ணியிருக்கிறார்கள்.

சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2014-ல் ஸ்காட் ஃப்ரீமன் குழு, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஆசிரியர் மட்டும் பேசும் வகுப்பில் தோல்வி சராசரியாக 33.8 சதவீதம். மாணவர்களை ஏதாவது செய்ய வைக்கும் வகுப்பில் 21.8 சதவீதம். நூறு பேர் வகுப்பில் 12 பேர். நம்ம ஊர் மொழியில் சொன்னால் 12 அரியர். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த வீட்டில் ஒரு அரியர் என்பது வெறும் மதிப்பெண் விஷயம் இல்லை. கல்லூரிக்கு வரும் கம்பெனிகள் பலவும் அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை.

அப்படியானால் எந்த மாதிரிப் பயிற்சி வேலை செய்கிறது? இதற்கும் ஈபர்ட்-மேயிடமே திரும்பிப் போகலாம். 2011 முடிவைப் பார்த்துவிட்டு அவர்கள் பயிற்சியின் அமைப்பையே மாற்றினார்கள். முனைவர் பட்டம் முடித்து இன்னும் நிரந்தர வேலைக்குப் போகாத இளம் ஆய்வாளர்களை எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி இரண்டு வருஷம் நீடித்தது. அதற்குள் ஒவ்வொருவரும் ஒரு முழுப் பாடத்தை வடிவமைத்து, உண்மையான மாணவர்களுக்கு நடத்திக் காட்டி, வழிகாட்டிகளிடம் கருத்து வாங்கித் திருத்திக்கொள்ள வேண்டும். 2015-ல் வந்த முடிவுகளில் இவர்களுடைய வகுப்புகள் வீடியோவிலும் மாறியிருந்தன. 2020-ல் அதே குழு மறுபடி போய்ப் பார்த்தது. அதற்குள் அவர்கள் வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்களாகியிருந்தார்கள். பயிற்சி முடிந்து 6 முதல் 9 வருஷம் ஆகியும் மாற்றம் நின்றிருந்தது.

இளைஞர்கள் என்பதால் மாறினார்கள் என்று ஒருவர் வாதாடலாம். ஓரளவுக்கு இருக்கலாம். ஆனால் எனக்குப் பட்டது வேறு. முதல் பயிற்சியில் வகுப்பறை, பயிற்சிக்கு வெளியே இருந்தது. இரண்டாவதில் உள்ளே இருந்தது.

நம் நாட்டிலும் இதை உணர்ந்து செய்தவர்கள் இருக்கிறார்கள். ஐஐடி பாம்பேயில் சஹானா மூர்த்தி, ஸ்ரீதர் ஐயர் குழு, பொறியியல் ஆசிரியர்களுக்காகவே ஒரு பயிற்சியை வடிவமைத்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடத்தியது. அதில் இரண்டு விதிகள் வைத்திருந்தார்கள். ஆசிரியர் முதலில் மாணவராக உட்கார்ந்து அந்த முறையை அனுபவிக்க வேண்டும். பிறகு தன் சொந்தப் பாடத்துக்கு, தன் கல்லூரிச் சூழலுக்கு, அதை மாற்றி எழுத வேண்டும். பொதுவான உதாரணத்தில் செய்துவிட்டுப் போக முடியாது. இதே குழுவினர் 2013-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்குப் பிடித்தது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்திருந்த முதலாண்டு நிரலாக்க வகுப்பில், தனியாக யோசி, பக்கத்தவரோடு பேசு, எல்லாருக்கும் சொல் என்ற மூன்று படி முறையைக் கையாண்டார்கள். ஆய்வாளர்கள் வகுப்பில் உட்கார்ந்து, மாணவர்கள் உண்மையிலேயே அந்த வேலையைத்தான் செய்கிறார்களா, இல்லை வெளியே வேடிக்கை பார்க்கிறார்களா என்று கணக்கெடுத்தார்கள். சராசரியாக 83 சதவீதம் பேர் ஈடுபட்டிருந்தார்கள். "அவ்வளவு பெரிய வகுப்பில் இதெல்லாம் நடக்காது சார்" என்பவர்களுக்கு நான் இப்போது காட்டுவது இதைத்தான்.

ஆனாலும் நடைமுறைத் தடைகள் சின்னவை இல்லை. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஒரு சாதாரண தியரி பாடத்துக்கு 45 பீரியட். யூனிட்டுக்கு 9. உதவிப் பேராசிரியர் யூஜிசி கணக்குப்படியே வாரம் 16 மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும். அதற்கு மேல் அங்கீகாரக் குழுக்களுக்கான ஃபைல்கள், அட்மிஷன் வேலை, வருகைப் பதிவு. பைனரி தேடல் கேள்வி ஒன்றை மசூர் முறையில் நடத்த எட்டிலிருந்து பத்து நிமிஷம் ஆகும். ஐம்பது நிமிஷப் பீரியடில் அது ஐந்தில் ஒரு பங்கு. பயிற்சி முடித்து உற்சாகமாக வந்தவர் முதல் வாரம் இரண்டு கேள்வி போடுவார். வகுப்பு கலகலவென்று சத்தமாகும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். மூன்றாவது வாரம் ஹெச்ஓடி "போர்ஷன் எங்கே நிக்குது?" என்பார். முதல் இன்டர்னல் தேதி வந்துவிட்டிருக்கும். கேள்வி நின்றுபோகும். அமெரிக்காவிலும் இதுதான் கதை. சார்லஸ் ஹெண்டர்சன் குழு 722 இயற்பியல் ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வில், புது முறைகளைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. கேள்விப்பட்டும் முயற்சி செய்யாதவர்களும் அவ்வளவு அதிகமில்லை. ஆனால் முயற்சி செய்து பார்த்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் எல்லாவற்றையும் கைவிட்டிருந்தார்கள். ஆக, ஒழுகுவது அந்த இடம். நாம் பணத்தைக் கொட்டுவது அதற்கு முந்தின இடத்தில், கேள்விப்பட வைப்பதில்.

இதை ஒரு துறைத் தலைவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "சரி தம்பி, அஞ்சு நாள் எஃப்டிபிக்கு அனுமதி இருக்கு, என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார். நான் சொன்னது: அஞ்சு நாளையும் சேர்த்து வைக்காதீங்க மேடம். செமஸ்டருக்கு முந்தின வாரம் இரண்டு நாள் வையுங்க. ஒரே பாடம் எடுக்கிறவர்கள் இரண்டிரண்டு பேராக உட்காரட்டும். கருவி ஒன்றே ஒன்று போதும், அதற்கு அரை மணி நேரம் கொடுங்க. மீதி நேரம் முழுக்க, யூனிட்டுக்கு மூன்று வீதம் பதினைந்து கேள்வி எழுதட்டும். தவறான விடைகளை எங்கிருந்து எடுப்பது? போன வருஷ விடைத்தாள் கட்டு இருக்கிறதே, அதைப் பிரித்தால் பிள்ளைகள் எங்கே வழுக்கினார்கள் என்று தெரியும். மூன்றாவது நாளை நான்காவது வாரம் வையுங்க, எல்லாரும் கைவிடுகிற நேரம் அது. அன்றைக்கு ஒவ்வொருவரும் முதல் வாக்கு எவ்வளவு, இரண்டாம் வாக்கு எவ்வளவு என்ற எண்களோடு வரட்டும். நான்காவது நாள், ஜோடியில் ஒருவர் மற்றவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்காரட்டும். மதிப்பெண் போட வேண்டாம், யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று மட்டும் குறிக்கட்டும். ஐந்தாவது நாள் செமஸ்டர் முடிவில். சான்றிதழ் அன்றைக்குத்தான்.

மேடம் ஒன்றுதான் கேட்டார்: "45 பீரியட்ல பதினஞ்சு கேள்விக்கு நேரம் எங்கிருந்து வரும்?" பதினைந்து கேள்விக்குப் பத்து நிமிஷம் வீதம் 150 நிமிஷம், அதாவது மூன்று பீரியட். அந்த மூன்று பீரியடில் நடத்தும் வரையறைகளையும் படங்களையும் மூடிலில் முன்கூட்டியே படிக்கப் போட்டுவிடலாம் என்றேன். எந்த மூன்று என்று பாட ஆசிரியர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அது எனக்குத் தெரியாத வேலை. போன் வேண்டாம் என்று நிர்வாகம் தடுத்தால், கலர் சார்ட் பேப்பரில் நாலு நிறத்தில் அட்டை வெட்டிக்கொள்ளலாம், அறுபது பேர் வகுப்புக்கு 240 அட்டை. அதை வெட்டும் வேலையை லேப் அசிஸ்டென்ட் தலையில் கட்டாமல் மாணவர்களிடமே கொடுத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.